இராமன் என்ன நிறம்? நிழற்கூத்து முதல் ஓவியப் படம் வரை

மூன்றாம் ஆண்டு ஆசிரியை விடுப்பிலிருந்த ஒரு நாள், ஓவியப் பாடவேளைக்கு நான் சென்றேன். அதற்கு முந்திய வாரம், இராமாயணத்தைக் கூறும் ஓவியப் படமொன்றைப் பள்ளி மண்டபத்தில் மாணவருக்குக் காட்டியிருந்தோம். மாணவர் 'கார்ட்டூன்' என்றும், ஏடுகளில் எழுதுவோர் 'அசைவூட்டப் படம்' என்றும் வழங்குவது இதுவே. கண்ட காட்சிகளுள் விரும்பியதை வரையுமாறு கூறிவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தேன். வெளியே வழக்கம்போல் ரிங்லெட்டின் பிற்பகல் மழை. "தோல் கலர் யாருகிட்ட இருக்கு?" என்று ஒரு சிறுமி பின்வரிசையை நோக்கிக் கேட்டாள். வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு பென்சில் கைமாறி அவளிடம் வந்தது. அதைக்கொண்டு இராமன் முகத்துக்கு வண்ணம் தீட்டினாள். பிறகு கறுப்புப் பென்சிலை எடுத்து, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி இராவணனை நிரப்பத் தொடங்கினாள்.

"ஏம்மா, இராவணன் கறுப்பா?" என்றேன்.

"கெட்டவன்தானே ஐயா!" என்றாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதைப் போல.

அச்சிறுமி நல்ல கருநிறத்தவள். அவள் கேட்டு வாங்கிய 'தோல் கலர்' பென்சிலுக்கும் அதைப் பிடித்திருந்த விரல்களின் தோலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இத்தனைக்கும், அவள் கண்ட படத்தில் இராமன் வெளிறிய மேனியன் அல்லன், நீலச்சாயல் உடையவன். ஆகவே கண்ணால் கண்ட படம் அவள் கையை நடத்தவில்லை. வேறெங்கோ, வேறு எவற்றிலிருந்தோ கற்ற ஒரு பாடம் நடத்தியது. அந்தப் பாடம் நம் பிள்ளைகளிடம் எவ்வழியே வந்து சேர்ந்தது, அது வருவதற்கு முன் நம்மிடம் என்ன பாடம் இருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். யூகோ சாகோ என்னும் சப்பானியர், இராமாயணத் தொடர்புடைய இடங்களில் நடந்த அகழ்வாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் இராமகதையில் ஆழ்ந்தார். தெய்வமாகப் போற்றப்படும் ஒருவனை நடிகர் ஒருவரின் முகத்தில் காட்டுவதைவிட ஓவியத்தில் காட்டுவதே தகும் என்பது அவர் கருத்து. இந்தியாவின் ஓவியப்படக் கலைஞர்களுள் மூத்தவரான ராம் மோகனும் சப்பானியரான கோயிச்சி சசாகியும் அவருடன் இணைந்து இயக்கினர். ஏறத்தாழ 450 கலைஞர் உழைத்தனர். கையால் வரையப்பட்ட ஓவியத் தகடுகள் மட்டும் ஓரிலக்கம் அளவில் இருந்தன. 1992ஆம் ஆண்டு நிறைவுற்ற இப்படம், அடுத்த ஆண்டு புதுதில்லியில் நடந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. சப்பானில் 1997இலேதான் வெளிவந்தது. பின்னர்த் தொலைக்காட்சி வழியாகவே பெரும்பாலோர் இதனை அறிந்தனர். 2025 சனவரியில் இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டபோதுதான் தமிழ்க்குரலிலும் வந்தது.

இதில் ராம் மோகனின் வழிமரபு ஆராயத்தக்கது. அவர் 1956ஆம் ஆண்டு இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் சேர்ந்து தொழில் கற்றார். அங்குப் பயிற்றுவிக்க வந்திருந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். அப்பயிற்சியின் பயனாக 1957இல் 'பேன்யன் டீர்' என்னும் படம் வெளிவந்தது. அதன் கதை புத்த சாதகக் கதைகளுள் ஒன்று. ஆக, அமெரிக்கப் பட்டறையின் கையும், சப்பானியரின் தூரிகையும், நம் நாட்டுக் கதையும் சேர்ந்து பிறந்தது இந்த இராமன் படம். பல நாட்டு நிறமரபுகள் ஒரே திரையில் வந்து கூடியதில் வியப்பில்லை.

கதைமாந்தரைப் பொறுத்தவரை, உலகத்துக் கதைகளெல்லாம் ஒன்றுக்கொன்று உறவினர். உருசிய அறிஞர் விளாடிமிர் புரோப் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தம் நாட்டு மாயக்கதைகளில் வரும் மாந்தரை ஏழு செயற்பாத்திரங்களுக்குள் அடக்கிக் காட்டினார். தலைவன், பகைவன், துணைவன், பொருள் அளிப்போன், அனுப்பி வைப்போன், தேடப்படும் இளவரசி, போலித் தலைவன் என்பன அவை. இராமகதைக்கு இதனைப் பொருத்திப் பார்க்கப் பெரும்புலமை வேண்டா; அனுமன் துணைவன், வில் அளிக்கும் அகத்தியர் பொருள் அளிப்போன் என்று ஆறாம் ஆண்டு மாணவரே கூறிவிடுவர். உளவியலார் யூங், இத்தகைய மாந்தர் மனித மனத்தின் அடியில் பரம்பரையாக உறையும் தொல்படிமங்கள் என்றார். நம்முள் நாம் ஏற்க மறுக்கும் கூறுகளின் வடிவத்துக்கு அவர் இட்ட பெயர் 'நிழல்'. பகைவன் என்பவன் தலைவனின் நிழல். கருத்து நன்று. ஆனால் நிழல் கறுப்பாயிருத்தலின் பகைவனும் கறுப்பாயிருத்தல் வேண்டும் என்று யாரேனும் முடிவு கட்டினால், அது மனத்தின் இயல்பு அன்று. ஒரு நாட்டின் வழக்கம், அவ்வளவே. தொல்படிமம் பொதுவாயிருக்கலாம், அதற்குப் பூசும் வண்ணம் பொதுவன்று.

தமிழ்மரபில் இது வெளிப்படை. தொல்காப்பியர் நிலங்களுக்குத் தெய்வம் வகுத்தபோது, முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் வைத்தார். மாயோன் என்றால் கரியவன்; சேயோன் என்றால் சிவந்தவன். தெய்வத்துக்குப் பெயரே நிறம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டிய மன்னனைச் சிவபெருமான், பலதேவன், திருமால், முருகன் ஆகிய நால்வரோடும் ஒப்பிடுகிறார். அங்கே வெண்சங்கு போன்ற பலதேவனும் நீலமணி போன்ற திருமாலும் அடுத்தடுத்து நிற்கின்றனர். ஒருவன் வெள்ளையன் என்பதால் உயர்ந்தவனோ, மற்றவன் கரியன் என்பதால் தாழ்ந்தவனோ அல்லன். வெண்மையும் கருமையும் செம்மையும் அங்கே வேறுபாட்டைக் காட்டின, தரத்தைக் காட்டவில்லை.

அப்படியானால் கறுப்புக்குத் தமிழில் தீய பொருளே இல்லையா என்று மாணவர் கேட்கக்கூடும். உண்டு, மறைத்தல் கூடாது. தொல்காப்பிய உரியியல், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் வெகுளி என்னும் பொருளைத் தருகிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்று உடன் கூறுகிறது. சினத்தால் முகம் கறுக்கும், கண் சிவக்கும். இரண்டுக்கும் ஒரே பொருள் என்பதை நோக்குக. கறுப்பை மட்டும் தனியே பிரித்துத் தீமைக்கு உரியதாக்கும் எண்ணம் அந்த நூற்பாவில் இல்லை.

பெண்ணின் அழகைக் கூறுமிடத்து இது இன்னும் தெளிவாகும். சங்கப் புலவர் தலைவியின் மேனிக்கு வைத்த பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் அது என்று உரையாசிரியர் விளக்குவர். இளந்தளிரின் கருஞ்சிவப்பு மினுமினுப்பை எங்கள் மலையில் வளர்ந்தோர் தேயிலைக் கொழுந்திலும் வேறு பல செடிகளின் தளிரிலும் கண்டிருப்பர். அந்த மாமை கெட்டால் வருவது பசலை. பசலை என்பது மேனி வெளிறுதல். தலைவன் பிரிந்தான், தலைவி உண்ணாள், உறங்காள், மேனி வெளிறிப் பசந்தாள் என்பதே அகப்பாடல்களின் வழக்கு. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வெளிறிய மேனி அங்கே நோயின் அடையாளம். கருமை சார்ந்த தளிர்நிறம் நலத்தின் அடையாளம். முகத்தை வெளுப்பாக்கும் பசைகளை விளம்பரத்தில் கண்டு வளரும் நம் மாணவியருக்குப் பசலையைக் கற்பிக்கும்போது, தேர்வுக்குரிய சொற்பொருளாக மட்டும் கூறி நகர்ந்து விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நகர்ந்தவன்தான்.

கம்பர் இராமனின் நிறத்துக்கு உவமை தேடி மரகதத்தையும் கடலையும் மேகத்தையும் எடுத்து வைத்து, எதிலும் அமைதி கொள்ளாமல் வியந்து நிற்கிறார். அதே கம்பர் அரக்கரையும் கார்மேகமாகவும் கரிய மலையாகவும் காட்டுகிறார். ஒரே கருமை. ஒன்று மழை பொழிய வந்த மேகம், மற்றொன்று இடியோடு வந்த மேகம். இவ்விருவரையும் நிறத்தால் பிரிக்கக் கம்பர் கருதவில்லை, செயலால் பிரித்தார்.

இதற்குக் கண்ணால் காணும் சான்று கேரளத்துத் தோற்பாவைக் கூத்து. பாலக்காட்டுப் பகுதியிலும் அதனையடுத்த மாவட்டங்களிலும் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் அது நிகழும். பாடுவது கம்பராமாயணச் செய்யுள். பாடுவோருக்குப் 'புலவர்' என்பதே பட்டம். இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரிய, நீண்ட வெண்துணியில் நிழல் விழும். முழுக்கதை இருபத்தோர் இரவு வரை நீளும். இராம இராவணப் போர் நடந்தபோது தாரிகனோடு பொருதுகொண்டிருந்த காளி அதனைக் காணவில்லை, அவள் காணவே இக்கூத்து என்பது ஐதிகம். ஆதலால் மனிதர் ஒருவரும் வாராத இரவிலும் கூத்து நில்லாது. அந்தப் பாவைகள் ஒளி ஊடுருவாத தோலில் துளையிட்டுச் செய்தவை. எனவே துணியில் இராமனும் கறுப்பு, இராவணனும் கறுப்பு, சீதையும் கறுப்பு. யார் எவர் என்பதை முடியின் வடிவும், நிற்கும் நிலையும், துளைகளின் வழியே வரும் ஒளியும், புலவரின் குரலுமே அறிவிக்கும். யூங் கூறிய 'நிழல்' இங்கே பகைவனுக்கு மட்டும் உரியதன்று; எல்லாரும் நிழலே. தமிழகத்துப் பாவைகளோ வெள்ளாட்டுத் தோலைப் பதப்படுத்தி ஒளி ஊடுருவச் செய்து வண்ணம் ஏற்றியவை. அங்கு இராமனுக்குப் பச்சையோ நீலமோ வரும். கயிற்றால் இயங்கும் மரப்பாவை உயிருள்ளது போல மருட்டும் என்று 1020ஆம் குறள் கூறுவதை நோக்கினால், உயிரில்லாததை உயிருள்ளதாகக் காட்டும் கலை நமக்குப் புதிதன்று என்பது விளங்கும். ஓவியப் படக் கலைஞர் செய்வதும் அந்த மருட்டலையே. வள்ளுவர் அதனை நாணமில்லாதவர்க்கு உவமையாக்கினார் என்பது வேறு செய்தி.

வேடம் பூணும் கூத்துகளில் நிறம் ஓர் இலக்கணமாகவே வளர்ந்தது. கதகளியில் உயர்ந்த தலைவனுக்குப் பச்சை முகம். கொடியோருள் சிலர்க்குச் சிவப்புத் தாடி, அரக்கியர்க்குக் கரி, அனுமனுக்கு வெண்தாடி. இராவணனுக்கு என்ன நிறம் என்பதே நம் வினா. அவனுக்கும் பச்சைதான்! அந்தப் பச்சையின் மேல் கத்தி வடிவில் செந்நிறம் தீட்டி, மூக்கிலும் நெற்றியிலும் வெண்குமிழ் வைப்பர். 'கத்தி' என்பதே அவ்வேடத்தின் பெயர். அவன் அரசன், இசைவல்லான், வீரன், ஆயினும் செருக்குற்றவன் என்பதை அந்த ஒரு முகமே கூறிவிடுகிறது. இதில் கரிவேடம் இழிவைச் சுட்டுவதையும் மறைப்பதற்கில்லை. இருந்தும் தலைமைப் பகைவனைக் கறுப்பில் தோய்த்து முடித்துவிடாத நுண்மை இங்கே இருக்கிறது. நம் தெருக்கூத்திலும் துரியோதனனுக்குப் பெரும்பாலும் சிவப்பே. கண்ணனுக்குப் பச்சை அல்லது நீலம்.

கடல் கடந்து நம் நாட்டுக்கு வருவோம். கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்தும் இராமகதையையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே செரி ராமாவின் முகம் பச்சை. அனுமனுக்கு 'கெரா பூத்தே', அதாவது வெண்குரங்கு, என்றே பெயர். அக்கூத்தின் மூலக்கதைக்கு வழங்கும் பெயரோ 'மகாராஜா வானா'. இராவணனின் பெயரால் கதையை அழைக்கின்றனர். இவர்களுக்கிடையே பாக் டோகோல் என்னும் கோமாளி வருவான். தொந்தியும் கோணல் உடலுமாக, காண்போர் நகைக்கும் தோற்றம். ஆனால் வானுலகின் முதல் தெய்வமே மாறுவேடத்தில் அவனாக வந்திருக்கிறது என்பது கூத்தரின் நம்பிக்கை. அழகில்லாத உருவத்தினுள் அனைத்திலும் உயர்ந்ததை ஒளித்துவைத்த அந்தக் கற்பனையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

சீனரின் மேடைக்கூத்தையும் விட்டுவிடலாகாது. சிறுவனாக இருந்தபோது, அவர்களுடைய ஏழாம் மாத விழாவில் மேடையின் பக்கவாட்டில் நின்று, மொழி புரியாமலே விடிய விடியப் பார்த்திருக்கிறேன். வெள்ளை முகத்தோடு வருபவனை நான் நல்லவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அருகிலிருந்த சீன நண்பன் என் அறியாமையைக் கண்டு சிரித்தான். அம்மரபில் வெள்ளை முகம் வஞ்சகனுக்கு. சாவ் சாவ் என்னும் சூழ்ச்சிக்காரனுக்கு உரியது. சிவப்பு முகம் குவான் யூவின் மாறாத பற்றுக்கு. கறுப்பு முகம் நேர்மை தவறாதவர்க்கு. நீதிபதி பாவ், கரிய முகமும் நெற்றியில் பிறையுமாக, தொண்ணூறுகளில் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் எல்லா இனத்தவர் வீட்டுக்கும் வந்து சென்றவர்தாம். இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் வாழும் மலையின் விளைபொருளே இதற்குச் சான்றாகும். போ தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து எங்கள் பெற்றோர் கிள்ளியது பச்சைக் கொழுந்து. ஆலையில் அது புளித்து உலர்ந்து வந்தபின் ஆங்கிலேயர் அதனைக் 'கறுப்புத் தேநீர்' என்றனர். சீனரோ அதே பானத்தைச் 'சிவப்புத் தேநீர்' என்கின்றனர். ஒருவர் இலையைப் பார்த்துப் பெயரிட்டார்; மற்றவர் குவளையைப் பார்த்துப் பெயரிட்டார்.

இத்தனை மரபுகள் சுற்றிலும் இருக்க, அச்சிறுமியின் பென்சிலில் எது வந்து அமர்ந்தது? முதற்காரணம் அச்சுப்படம் என்பது என் கருத்து. இரவிவர்மா 1894இல் பம்பாய்ப் பகுதியில் அச்சகம் நிறுவி, தெய்வ உருவங்களை மலிவான வண்ணப் படங்களாக வீடுதோறும் சேர்ப்பித்தார். பின்னர்க் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவர் மாணவரும் வரைந்தவை சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாயின. அத்தகைய நாட்காட்டிகள் எங்கள் தோட்டத்து லயங்களின் சுவர்களிலும் தொங்கின. அவற்றில் கண்ணனும் இராமனும் கருமையிலிருந்து நீலத்துக்கு வந்தனர். நீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கும் வந்தனர். தமிழில் நீலம் என்பது கருமையையும் குறிக்கும் சொல் ஆகையால், இந்த மாற்றத்தை யாரும் மாற்றமாகவே உணரவில்லை. சாகோவின் படத்தில் வரும் நீலச்சாயல் இராமன் இந்த நாட்காட்டிகளுக்குத் தம்பி முறை. வானத்தின் நிறம் எந்த மனிதனின் தோலிலும் இல்லாதது. எனவே நீல இராமனைப் பார்க்கும் கருநிறக் குழந்தை, 'இவன் என் நிறத்தவன்' என்று உணர வழியில்லாமல் போயிற்று.

இரண்டாவது காரணம் மேலைநாட்டு ஓவியப் படங்கள். டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் 1937இல் வந்தது. பனிபோல் வெளுத்தவள் என்பதே கதைத்தலைவியின் பெயர். மாயக்கண்ணாடியிடம் அரசி கேட்கும் கேள்வியில், அழகுக்கும் வெளுப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கிறது; அம்மொழியின் வழக்கு அப்படி. 1959இல் வந்த உறங்கும் அழகியின் கதையில் சூனியக்காரிக்குக் கறுப்பும் ஊதாவும், பச்சை நெருப்பும். 1994இல் வந்த 'லயன் கிங்' படத்தில் நல்ல சிங்கங்கள் பொன்னிறம். அண்ணனைக் கொல்லும் ஸ்கார் மட்டும் கருமை படர்ந்த மேனியும் கரிய பிடரியும் உடையவன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கதையை முடிக்க வேண்டிய கலைஞருக்கு நிறம் சுருக்கெழுத்து ஆகிறது. சிறுவர் நொடியில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கவலை. அக்கலைஞரைக் குறைகூற நான் விரும்பவில்லை. அந்தப் படங்களை நானும் விரும்பிப் பார்த்தவன். எனினும் ஒரே சுருக்கெழுத்தை நூறு படங்களில் படித்த குழந்தை, அதனையே நெடுங்கணக்கு என்று கொள்ளும்.

எங்கள் தலைமுறைக்கு அந்த இடர் சற்றுத் தாமதமாக வந்தது. மலேசியத் தொலைக்காட்சியில் வண்ணம் வந்தது 1978 டிசம்பரில். அதன்பின்னும் பல ஆண்டுகள் தோட்டத்து வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. தலைவனும் சாம்பல், பகைவனும் சாம்பல். அதே 1978இல்தான் நம் நாட்டின் முதல் ஓவியப் படமான 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' உருவாயிற்று. பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் ஏறக்குறையத் தனியொருவராக உழைத்து அதனை ஆக்கினார். 1983இல்தான் அது ஒளிபரப்பாயிற்று. முதல் முழுநீளப் படம் வர 1998 வரை காத்திருக்க நேர்ந்தது. அசன் முத்தலிப் இயக்கிய 'சிலாட் லெகெண்டா' அது. சாங் காஞ்சில் சருகுமான். உடலில் சிறியது, அறிவில் பெரியது. நம் பஞ்சதந்திர முயலுக்கும் தெனாலிராமனுக்கும் உறவுடைய தொல்படிமம். அதனையடுத்து வந்த குறும்படங்களுள் இரண்டின் பெயர்களை மட்டும் குறிப்பிட்டாலே போதும். 1985இல் 'காகாக் யாங் பீஜாக்'. 1986இல் 'ஆர்னாப் யாங் சொம்போங்'. முன்னது அறிவுள்ள காகம், பின்னது செருக்குற்ற முயல். நம் மண்ணில் வரைந்தபோது கரிய பறவைக்கு அறிவு கிடைத்திருக்கிறது.

மாணவர் பெரிதும் விரும்பும் 'இன்சைட் அவுட்' என்னும் 2015ஆம் ஆண்டுப் படத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஒரு சிறுமியின் உள்ளத்து உணர்ச்சிகளே அதில் கதைமாந்தர். மகிழ்ச்சிக்கு மஞ்சள், துயரத்துக்கு நீலம், சினத்துக்குச் சிவப்பு, அருவருப்புக்குப் பச்சை, அச்சத்துக்கு ஊதா. இதனைப் புதுமை என்று போற்றியோர் பலர். பரதரின் நாட்டிய சாத்திரம் எட்டுச் சுவைக்கும் நிறம் வகுத்து நெடுங்காலமாகிறது. சினத்துக்கு அங்கும் சிவப்பே, நகைக்கு வெண்மை, துயரத்துக்குப் புறாவின் சாம்பல், அருவருப்புக்கு நீலம், அச்சத்துக்குக் கறுப்பு. ஆனால் காதலுக்கு? சியாமம், கருமை தழுவிய நிறம், திருமாலின் நிறம். அஞ்சத்தக்கதும் கருமை, விரும்பத்தக்கதும் கருமை சார்ந்ததே என்று ஒரே பட்டியலில் எழுத அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. மெய்ப்பாடு கற்பிக்கும் ஆசிரியர் இப்படத்தைத் துணைக்கருவியாகக் கொள்ளலாம். என் வகுப்பில் நன்கு பயன்பட்டது. தொல்காப்பியர் கூறும் எட்டனுள் படத்தில் இல்லாதவை எவை என்று கேட்டதற்கு, 'பெருமிதம் இல்லை ஐயா' என்று ஒரு மாணவன் உடனே கூறினான்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஒரு பழைய பதிவேடு என்று கூறினால் மிகையாகாது. ஓவிய வகுப்பு நடந்த அன்று மாலையே, பூட்டிய பேழையிலிருந்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். கருப்பாயி, கருப்பண்ணன், பச்சையம்மா, வெள்ளையம்மா, செவந்தி, நீலமேகம் என வண்ணங்கள் வரிசையில் நின்றன. எல்லைக் காவல் தெய்வமான கருப்பரின் பெயரைப் பிள்ளைக்கு இட்டு, அது நோய்நொடியின்றி வாழும் என்று நம்பிய தாய்மார் கொழுந்து கிள்ளிய மலை இது. எழுபதுகளின் இடைப்பகுதிக்குப் பின் வந்த பக்கங்களில் கருப்பாயியைக் காணவில்லை. அந்தப் பெயருடைய பெண்கள் சிலர் இன்றும் எங்கள் ஊரில் பேத்திகளைப் பள்ளிக்கு அழைத்து வருகின்றனர். பெயரைக் கேட்டால் சற்றுத் தயங்கியே சொல்வர். வண்ணப்பென்சில் செய்யும் அமெரிக்க நிறுவனமாகிய கிரயோலா, 'தசைநிறம்' என்று தான் இட்டிருந்த பெயர் எல்லா மனிதர்க்கும் பொருந்தாது என்றுணர்ந்து, 1962ஆம் ஆண்டே அதனைப் பீச்சுப்பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. அறுபது ஆண்டுகள் கடந்தும் எங்கள் வகுப்பறையில் அது 'தோல் கலர்' ஆகவே வழங்குகிறது. பெட்டியின்மேல் அப்படி அச்சிட்டிருக்கவில்லை. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பெயர் அது. அதே வகுப்பில் நின்ற ஆசிரியர் நாங்கள் அதனைக் கேட்டும் கேளாதவராக இருந்தோம்.

அடுத்த ஓவியப் பாடவேளையை ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நிழற்பாவைகளின் படங்களையும் கதகளி இராவணனின் பச்சை முகத்தையும் காட்டி, இராமனுக்குத் தமிழ்ப்புலவர் கூறிய நிறத்தையும் சொன்னேன். சிலர் கேட்டனர், சிலர் சன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிறகு, இராமாயணம் இருக்கட்டும், அவரவர் பாட்டியை வரையுங்கள் என்றேன். அந்தச் சிறுமி இம்முறை யாரிடமும் பென்சில் கேட்கவில்லை. பழுப்பை எடுத்துப் பூசினாள், போதவில்லை. அதன்மேல் கறுப்பை மெல்லத் தேய்த்தாள்; சிறிது சிவப்பும் சேர்த்தாள். தன் இடக்கையைத் தாளின் ஓரத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சரியா வரல ஐயா," என்று கூறிவிட்டு, மறுபடியும் பழுப்பை எடுத்தாள்.